பாட்டியின் போட்டோவைத் துணியில் தைக்கப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டது இது. 1958-ல் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பாட்டியின் சுங்குடிப் புடவை ஒன்றும் பட்டுப்புடவை ஒன்றும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் அந்தப் படத்தைக் கைத்தையலிலேயே துணிச் சித்திரமாகச் செய்து கொடுக்க வேண்டும். எந்தத் துணி, எந்த நூல், எந்தத் தையல் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, "எனக்கு வரையத் தெரியாது, முகம் பாட்டி மாதிரி வராவிட்டால் என்ன செய்வது? புடவையை வெட்டவும் மனசு வரவில்லை" என்று, உண்மையான கேள்வி அதுதான். நூலும் ஊசியும் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதனால் முகத்தையும் புடவையையும் முதலில் பார்த்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் 27 வருடம் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு 11 வருடமாகப் பழைய குடும்பப் படங்களை வைத்துத் துணிச் சித்திரங்கள் தைக்கிறேன். பெரும்பாலும் சொந்தக்காரர்களுக்கு, கொஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்கு. தையலைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். போட்டோவைப் பாதுகாப்பது என் தொழில் இல்லை, அதில் பட்டுத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சரி, முகம். போட்டோவில் இருக்கும் முகம் அப்படியே துணியில் வராது. எனக்கும் வராது. முகச்சாயல் என்பது அரை மில்லிமீட்டர் சமாச்சாரம். உதட்டு ஓரம் ஏறுகிறதா இறங்குகிறதா, இமைக்கும் புருவத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதிலெல்லாம் இருக்கிறது. எம்பிராய்டரி நூலின் ஒற்றை இழையே ஏறக்குறைய அவ்வளவு தடிமன். கட்டை விரலால் கோலப்பொடியில் மை எழுத முடியுமா? ஆனால் யோசித்துப் பாருங்கள், தெருக்கோடியில் ஒருவர் வரும்போது முகம் தெரிவதற்கு முன்பே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கையைப் பின்னால் கட்டியிருப்பார், முந்தானையை இழுத்துச் செருகியிருக்கும் விதம் அவருடையதாக இருக்கும். துணிக்கு எட்டுவது அந்தத் தெருக்கோடி அடையாளம்தான். அது நன்றாகவே எட்டும்.

இதை நான் தெரிந்துகொண்டது என் ஆச்சியின் படத்தில். ஆச்சிக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பாம்படம் என்ற கனத்த காதணி. காது தோள்வரை தொங்கும். முதல் முறை முகத்தில்தான் ஆரம்பித்தேன். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரு வாரம் தைத்தேன், யாரோ ஒரு பஸ் கண்டக்டர் மாதிரி வந்தது. பிரித்தேன். மறுபடியும் தைத்தேன், இந்த முறை கோபமாக வந்தது. மூன்றாவது முறை பிரித்தபோது துணியில் ஊசித் துளைகள் விழுந்து அந்த இடமே நைந்துவிட்டது. வெறுத்துப்போய் முகத்துக்குப் புதுத் துணியை வெறுமனே பதித்து, நெற்றியில் திருநீற்றுக்கு மூன்று வெள்ளைக் கோடு, புருவம் இரண்டு, மூடிய வாய்க்கு ஒரு கோடு, அவ்வளவோடு நிறுத்தினேன். காதுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டேன். தோல் நிறத் துணியில் ஒரு விரல்கடை அகலத்தில் நாடா வெட்டி, மடித்து, வளையமாகத் தைத்து, அதைத் தோளில் தொங்கவிட்டேன். மேலே ஒட்டாமல் நிஜமாகவே ஆடும். பழைய சரிகைக் கரையிலிருந்து உருவிய இழையைச் சுருட்டி, மெல்லிய மஞ்சள் நூலால் அங்கங்கே பிடித்து, பாம்படத்தின் உருண்டையும் பட்டையும் செய்தேன். என் தம்பி உள்ளே வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஆச்சில்லா இது!" என்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை என்பதை அவன் கவனிக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஆகவே தைக்க உட்காரும் முன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். எதை வைத்து இது பாட்டி என்று சொல்வீர்கள்? அந்த இரண்டு மூன்று விஷயங்களுக்கு உங்கள் உழைப்பில் பாதி போகட்டும். கண்ணாடியா, ஜடையா, உட்காரும்போது காலைப் பின்னால் இழுத்துக்கொள்வதா? அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்களில் பூத் தைத்த ஜடை தெரியவேண்டும் என்பதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுப்பார்கள். உங்கள் படம் அப்படி என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பூவையே ஊசி நூலால் வாழைப்பட்டையில் தைத்துத்தானே ஜடையில் வைத்தார்கள், அதைத் துணியில் தைப்பது போன்ற சுகமான வேலை வேறு இல்லை.

முகத்தில் ஏதாவது தைத்தே ஆகவேண்டும் என்றால் என் கணக்கைச் சொல்கிறேன். தைக்கும் முகம் நெற்றியிலிருந்து தாடைவரை 3 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கண் வேண்டாம். வகிடு, பொட்டு, புருவம் போதும். 5 சென்டிமீட்டருக்கு மேலே போனால் கண் வைக்கலாம். அப்போதும் கண்ணின் முழு வடிவத்தை வரையாதீர்கள். மேல் இமைக்கு ஒரு வளைவு, அதற்குக் கீழே கருவிழிக்கு ஒரு முடிச்சுத் தையல். கண்ணைச் சுற்றிலும் கோடு போட்டால் எல்லோருக்கும் கதகளி முகம் வந்துவிடும். அப்புறம், இது முக்கியம்: முகத்தைப் படத்தின் மேலேயே தைக்காமல், தனித் துணியில், வளையத்தில் மாட்டித் தையுங்கள். மூன்று நான்கு முகம் தைத்து, பிடித்ததை மட்டும் வெட்டிப் படத்தில் பதியுங்கள். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். உங்கள் பயத்தில் முக்கால்வாசி இதிலேயே போய்விடும். என் ஆச்சிக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்தத் துணி நைந்திருக்காது.

இன்னொரு வழியும் உண்டு, கூச்சப்படத் தேவையில்லாத வழி. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு சாமிப் படங்கள் வீட்டுக்கு வீடு வந்தன. அந்த அச்சுப்படங்களில் சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் நிஜத் துணியில் புடவை வெட்டி ஒட்டி, சரிகையும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படிப் பட்ட படங்களை நீங்களே பார்த்திருக்கலாம். முகத்தையும் கைகளையும் அச்சில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள். நீங்களும் முகத்தை மட்டும் துணியில் அச்சடித்து, மற்றதைத் தைக்கலாம். கடையில் கேட்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கோப்பையிலும் டீ-சர்ட்டிலும் படம் போடும் கடைகளில் பல சப்ளிமேஷன் முறைதான் வைத்திருப்பார்கள். அது பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. பருத்தியில் நேராக அச்சடிக்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் போங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் துணியை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், சாதாரண மை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும் என்பதை ஞாபகம் வையுங்கள். என் சொந்த அபிப்பிராயம், அச்சு முகமும் தையல் உடம்பும் சேரும்போது கண் முகத்துக்கே ஓடும், நீங்கள் தைத்தது பின்னால் போய்விடும். ஆனால் அப்பா தன் அம்மாவின் முகத்தையே பார்க்க வேண்டும் என்றால் தயங்க வேண்டாம்.

வரையத் தெரியாது என்பதற்கு ஒரு வார்த்தை. போலந்தில் பிறந்து, யூத இன அழிப்பில் குடும்பத்தைப் பறிகொடுத்து, பிறகு அமெரிக்கா போன எஸ்தர் நிசெந்தால் கிரினிட்ஸ் என்ற பெண்மணி 1977-ல், தன் 50-ஆவது வயதில், சிறு வயதில் வாழ்ந்த வீட்டையும் ஊரையும் துணியில் தைக்க ஆரம்பித்தார். தன் மகள்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக. ஓவியம் படித்தவர் இல்லை, உடை தைக்கத் தெரிந்தவர். 36 சித்திரங்கள் தைத்தார். அமெரிக்காவில் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியெட் பவர்ஸ் 1880-களில் தைத்த விவிலியக் கதைப் போர்வையில் ஆட்கள் எல்லாம் வெறும் நிழலுருவமாக வெட்டிப் பதித்த துணிதான், கண் மூக்கு கிடையாது. கஷ்டகாலத்தில் 5 டாலருக்கு அவர் விற்ற அந்தப் போர்வை இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது புடவை. பட்டையும் சுங்குடியையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். அறுபது வருடம் மடித்து வைத்த பட்டு மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் உள்ளுக்குள் ஒடிந்திருக்கும். கையில் எடுத்தால் நன்றாக இருப்பது போலத் தெரியும், ஊசி போட்டதும் இழை இழையாகப் பிரியும். அதைத் தையலில் காப்பாற்ற முடியாது. சரிகைக் கரை மட்டும் பெரும்பாலும் தேறும். பட்டை வெட்டாமல் அப்படியே வைத்துவிட்டு, கரையிலிருந்து விட்டுப்போன இழைகள் இருந்தால் மட்டும் நகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். சுங்குடி வேறு ஜாதி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி, கைத்தையலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. வங்காளத்துக் காந்தா வேலையே கிழிந்துபோன புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கிவைத்து, புடவைக் கரையில் உருவிய நூலாலேயே தைத்ததுதானே.

வெட்டுவதற்கு நல்ல இடம், இடுப்பில் முதலில் செருகும் உள்முனை. வெயில் படாத பகுதி என்பதால் சாயம் அங்கேதான் அசல் நிறத்தில் இருக்கும். முந்தானையைத் தொடாதீர்கள். ஒரு முழம் எடுத்தால் இந்தப் படத்துக்கு ஏராளம். மிச்சப் புடவையை ஓரம் மடித்துத் தைத்து மறுபடி பெட்டியில் வைத்துவிடலாம், பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனாலும் கத்தரி வைக்கும் முன் அப்பாவின் கூடப்பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒரு முறை வெட்டி, ஒரு அத்தை இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. படம் என்னவோ அவர் வீட்டில்தான் மாட்டியிருக்கிறது.

சாயம் கசிவதை மட்டும் சோதிக்காமல் விடாதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, புடவையின் மூலையில் வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாகத் தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் காயவைத்த பிறகுதான் தொடவேண்டும். எத்தனை அலசினாலும் அரக்கும் கருநீலமும் கசிவது சில சமயம் நிற்காது. ஒரு தடவை அரக்குச் சுங்குடியைத் தாத்தா வேட்டிக்குப் பக்கத்தில் பதித்து, முடிந்த பிறகு பென்சில் கோட்டைப் போக்க ஈரத் துணியால் துடைத்தேன். தாத்தா வேட்டி வெற்றிலை எச்சில் பட்டது போல ஆகிவிட்டது. நாற்பது நாள் வேலை. அதிலிருந்து அடியில் போடும் காடாத் துணி, வாங்கிய துணி, புடவை எல்லாவற்றையும் இரண்டு முறை துவைத்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். காடா சுருங்கும் என்பதாலும் அது அவசியம்.

நிறத்தில் எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது கறுப்புத்தான் என்று நினைக்க வேண்டாம். படம் எடுக்கப் பயன்பட்ட பழைய ஆர்த்தோ வகைக் கண்ணாடித் தட்டுகளுக்கும் பிலிமுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்புப் புடவையும் குங்குமமும் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். எல்லா நிறத்தையும் பதியும் தட்டு 1906-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆர்த்தோவை இருட்டறையில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பதால் ஸ்டூடியோக்காரர்கள் அதை லேசில் விடவில்லை. 1958 என்றால் எதில் எடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் கூறைப்புடவை அரக்கா பச்சையா என்பதைப் படம் சொல்லாது, பெட்டியில் இருக்கும் பட்டு சொல்லலாம். கரையின் அகலத்தையும் கட்டத்தையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

தோல் நிறமும் அப்படித்தான். நெகட்டிவில் பென்சிலால் டச்-அப் செய்து முகத்தை வெளுப்பாக்குவது அந்தக் காலத்து ஸ்டூடியோவின் சாதாரண வேலை. படத்தைப் பார்த்து நிறம் முடிவு செய்யாமல், பாட்டியைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மேட்சிங் ரவிக்கைத் துணிக் கடையில் பழுப்பிலும் காப்பிப்பொடி நிறத்திலும் பத்துப் பதினைந்து வகை டூ-பை-டூ கிடைக்கும், கால் மீட்டர் வீதம் மூன்று நிறம் வாங்கி, வீட்டில் பெரியவர்களின் முழங்கையில் வைத்துப் பாருங்கள். பாலியெஸ்டர் கலக்காதது வேண்டும், கலந்தால் மடிப்பு நிற்காது. சந்தேகமாக இருந்தால் இரண்டு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள், பருத்தி காகிதம் போலச் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். "கொஞ்சம் கலராத் தைக்கக் கூடாதா" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். என்னிடம் ஒவ்வொரு படத்துக்கும் கேட்கிறார்கள். நான் தைத்ததே இல்லை.

படம் இடம்வலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து மறுபிரதி போட்டிருந்தால் எல்லாம் பக்கம் மாறி இருக்கும். பாட்டியின் முந்தானை அவருடைய இடது தோளில் இருக்கவேண்டும், தாத்தா சட்டையின் பை இடது மார்பில். மாறியிருந்தால் நகலெடுக்கும்போதே திருப்பிவிடுங்கள். பிறகு கண்டுபிடித்தால் அழுகை வரும்.

இனி வேலைமுறை, சுருக்கமாக. போட்டோவை பிரேமிலிருந்து எடுக்காமலே ஸ்கேன் செய்ய முடிந்தால் அதுவே நல்லது. ஈரத்தில் போட்டோவின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் வந்தது. அதன் நகலை ஏ-3 அளவில் பெரிதாக்கி, மேலே டிரேசிங் தாள் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது எது தெரிகிறதோ அதை மட்டும் வரையுங்கள். நான் ஒரு ஆளுக்கு இருபது கோட்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. புடவை மடிப்பு பதினைந்து தெரிந்தால் நான்கு போதும். கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் காடாவில் புள்ளிப் புள்ளியாக இறங்கும். ஆரி வேலைக்காரர்கள் செய்வதுதான். மஞ்சள் கார்பன் தாளும் போதும். சூடு பட்டால் அழியும் பேனாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். இஸ்திரி போட்டதும் மறையும், கடுங்குளிரில் மறுபடி தெரியும். அது நம் ஊரில் நடக்காது, படம் உங்கள் அக்கா இருக்கும் கனடாவுக்குப் போனால் நடக்கும்.

பின்னால் இருப்பதை முதலில் பதிக்கவேண்டும். ஸ்டூடியோத் திரை, நாற்காலி, தாத்தாவின் உடம்பு, பாட்டியின் புடவை, கைகள், முகம், கூந்தல், கடைசியில் நகை. ஒவ்வொரு துண்டையும் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டி, அந்தக் கால் அங்குலத்தை ஊசி முனையாலேயே உள்ளே மடித்து மடித்து ஹெம்மிங் போடுங்கள். தோள், தாடை போன்ற வெளிவளைவில் மடிப்பைக் கொஞ்சம் குறைத்து வெட்டினால் முண்டு கட்டாது. கழுத்து மாதிரி உள்வளைவில் கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டுப் போட்டால்தான் மடங்கும். விரல்களைத் தனித்தனியாக வெட்டி மடிக்க முயலவே வேண்டாம். கையை ஒரே துண்டாகப் பதித்து, விரல் பிரிவை மேலே பின் தையலில் மூன்று கோடாகக் காட்டினால் போதும். ஊசி 9 அல்லது 10-ஆம் நம்பர். நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசாகும். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும். முகத்துக்கு ஒரு இழை, புடவைக் கரைக்கு இரண்டு, நாற்காலிக்கு மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள், சிக்கும்.

எல்லாம் பதிந்த பிறகு அடியில் பழைய வேட்டித் துணி ஒன்றை வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுங்கள். பீகாரில் முசாபர்பூர் பக்கம் பூசுரா கிராமத்துப் பெண்கள் செய்யும் சுஜனி வேலையைப் பார்த்தால் இதன் அழகு தெரியும். உருவத்தின் ஓரத்தைக் கருத்த நூலில் சங்கிலித் தையலால் கட்டி, உள்ளே நிற நூலில் ஓட்டுத் தையலாக நிரப்புவார்கள். அவர்கள் தைப்பது கோவிலும் பூவும் மட்டும் இல்லை, தங்கள் ஊரில் நடக்கும் வரதட்சணை, குடி, படிப்பு எல்லாம். திரையையும் தரையையும் நீங்கள் இந்த ஓட்டுத் தையலால் நிரப்பினால் வெறுமை தெரியாது. துணி லேசாகச் சுருங்கி அலை அலையாக நிற்கும். அதை இஸ்திரி போட்டு நசுக்கிவிடாதீர்கள்.

"இதை நம் பாரம்பரிய நாட்டுப்புறக் கலை என்று சொல்லலாமா" என்று ஒரு துணைக்கேள்வி கேட்டிருந்தீர்கள். துணி வெட்டிப் பதிக்கும் கை நம்மிடம் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தைக்கும் தேர்ச்சீலையும், குழாய் போலத் தொங்கும் தொம்பையும் அதுதான். நீலகிரித் தோடர்கள் இழை எண்ணித் தைக்கும் சிவப்பு கறுப்பு வேலை இருக்கிறது, ஆனால் அது கட்டமும் கோணமும், ஆள் உருவத்துக்கு வளையாது. குடும்பத்து மனிதர்களைத் துணியில் தைத்து மாட்டும் வழக்கத்தை நம் ஊரில் மரபு என்று சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகவே அப்பாவிடம் கொடுக்கும்போது "இது நான் தைத்தது" என்றே சொல்லுங்கள். பாரம்பரியம் என்ற சீட்டு ஒட்டினால் விலை ஏறும் என்று செய்கிறவர்கள் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம்.

நாள் கணக்கு. ஒன்றரை அடிக்கு ஒரு அடி, இரண்டு ஆள், முதல் முறை. தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு நாற்பது நாள் ஆகும், உங்களுக்கு எழுபது என்று வையுங்கள். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, தாராளம். ராத்திரி பத்து மணிக்கு மேல் முகம் தைக்க வேண்டாம், காலையில் பிரிக்க வேண்டிவரும். முடிந்ததும் கஞ்சி போடாதீர்கள், வெள்ளிப்பூச்சிக்குச் சாப்பாடு அது. பிரேம் போடும்போது துணி கண்ணாடியைத் தொடாதபடி உள்ளே சுற்றிலும் அரை அங்குலக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். பசை போட்டு அட்டையில் ஒட்டுகிறேன் என்று பிரேம் கடைக்காரர் சொன்னால் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். துணியின் விளிம்பை அட்டைக்குப் பின்னால் மடித்து நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டவேண்டும், அதை வீட்டில் நீங்களே செய்துவிட்டால் அவருக்கு வேலையும் மிச்சம். ஜன்னல் வெயில் நேராக விழாத சுவரில் மாட்டட்டும். பின்பக்கத் துணியில் இரண்டு பேர் பெயரையும் ஊரையும் வருடத்தையும் தைத்துவிடுங்கள். பேனாவில் எழுதினால் சில வருடத்தில் மை படர்ந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டியின் இடது கை மூடியிருக்கிறது. விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டு தெரிகிறது. கைக்குட்டையாக இருக்கலாம், அந்தக் காலத்துப் படங்களில் கைக்குட்டை கொடுத்து உட்காரவைப்பது வழக்கம். ஆனால் கைக்குட்டை என்றால் முனை இவ்வளவு விறைப்பாக நிற்காது. மடித்த காகிதம் போல இருக்கிறது. டிரேசிங் போடுவதற்கு முன் உங்கள் பெரிய அத்தையைக் கேட்டுவிடுங்கள். அவருக்கும் தெரியாது என்றால் மூடிய கையையும் அந்த வெள்ளை முனையையும் இருக்கிறபடியே தைத்துவிடுங்கள், ஒரு நகக்கண் அளவு வெள்ளைத் துணி போதும்.